பத்து அங்குலத் திரையும் பதினொரு முகங்களும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். மேடையேறிய நாள்களிலெல்லாம் எதிரே அமர்ந்திருந்தவர்களை நடுவர்களாகவே எண்ணிப் பேசியிருக்கிறேன். கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இன்று எனக்குக் கைதட்டல் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டு, இவன் இப்படிச் சொன்னான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்.

முப்பத்தோரு வயதில் ஒருவன் தன்னைப் பணி ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. திருவனந்தபுரம் கரமனையில் ஒரு புகைப்பட ஸ்டுடியோவில் பத்தாண்டுகள் வேலை பார்த்தேன். மாலை வகுப்புகளில் சட்டம் படித்துத் தேறினேன். சென்ற மாதம் கடைச் சாவியை உரிமையாளரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இனி வழக்காடுவதே என் தொழில். என் இடத்துக்கு வந்திருக்கும் இருவர் புதிதாக ஒரு சின்ன மடிக்கணினி வாங்கியிருக்கிறார்கள். "அண்ணா, படம் அடுக்கி வைக்க, டச்சிங் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது? பேரை மட்டும் சொல்லுங்க, போட்டுக்கறோம்" என்று கேட்டார்கள்.

பெயரை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. அப்படி ஒரு பெயரை நான் முன்பு முழங்கிச் சொல்லியிருக்கிறேன். அதன் விளைவைச் சுமந்தவர்கள் வேறு சிலர்.

கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது ஸ்டுடியோவில் பிலிம்தான். முதலாண்டு இருட்டறையில் தட்டுக் கழுவினேன். இரண்டாமாண்டு நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்யக் கற்றேன்: கண்ணுக்குக் கீழே கருமை, கன்னத்தில் பரு, நெற்றியில் தழும்பு, எங்கிருந்தாலும் மச்சம். பெண் பார்க்க அனுப்பும் படமோ வேலைக்கு அனுப்பும் படமோ, எங்கள் கடையில் எடுத்த முகத்தில் மாசு இருக்கலாகாது. அதுவே கடையின் நற்பெயர். பென்சில் போய்க் கணினி வந்தபோதும் அந்த வழக்கம் மாறவில்லை. வேகம் மட்டும் கூடியது.

உரிமையாளரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் 'சுவாமி' என்றே அழைப்பார்கள். கரமனை அக்ரகாரத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். பத்தாண்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு பிரிண்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின் மேல் வைப்பார். முதலில் காது. வலது காது, பிறகு இடது காது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். "மொகத்தை எல்லாரும் பாப்பா. அதனால வேலை பண்றவன் மொகத்துல ஜாக்கிரதையா இருப்பான். காதுலதான் அவன் சோம்பல் தெரியும்" என்பார். தவறு கண்டால் திட்ட மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார். பதில் வரும்வரை இருப்பார். பத்து நிமிடம் அப்படி அவர் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கடையில் இன்னொருவர் ஷீலா சேச்சி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். படங்களை அடுக்கி வைப்பது, தேடி எடுப்பது, டச்சிங் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. தாய்மொழி மலையாளம். எங்களோடு பேசிப் பேசி அவருக்கென்று ஒரு தமிழ் உண்டாகியிருந்தது. அதிகம் பேச மாட்டார்.

நான் அதிகம் பேசுவேன். கல்லூரியில் மூன்றாண்டும் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு என்னுடையது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், ஐந்து நிமிடத்தில் அவையைத் திருப்பிவிட முடியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பொய்யன்று, திருப்பியும் இருக்கிறேன். சாலை என்ற கடைவீதியில் ஓட்டல் வேலை பார்த்த என் தந்தை நான் வாங்கிய கோப்பைகளை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் போனக்காட்டு மலையிலிருந்து ஒரு வேலை வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்தார் நாற்பத்து மூன்று பேருக்குச் சிகிச்சை அட்டைக்காகப் படம் எடுக்க வேண்டும். அட்டை இருந்தால் நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை பேரும் இறங்கி வருவது நடவாத காரியம். நாங்கள்தான் ஏற வேண்டும். அதற்காகவே சுவாமி ஒரு சின்ன மடிக்கணினி வாங்கினார். பத்து அங்குலத் திரை, கையடக்க எடை, நினைவகமோ மிகக் குறைவு. மேசையில் வைத்துவிட்டு, "இதுல எதைப் போடலாம்னு நீங்க ரெண்டு பேரும் தீர்மானம் பண்ணுங்கோ" என்றார்.

தேர்வுக்கு மூன்று மென்பொருள்கள் இருந்தன. கடைக்குள் அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர்களையே இங்கும் சொல்கிறேன். முதலாவது 'ஆனை'. ஸ்டுடியோ உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்தியது. செய்ய முடியாதது அதில் ஒன்றுமில்லை. ஆனால் திறப்பதற்கே அந்தச் சின்னக் கணினியில் நான்கு நிமிடம் ஆகும். இரண்டாவது, கேமராப் பெட்டியோடு குறுந்தகட்டில் வந்த 'பெட்டிக்காரன்'. மூன்றாவது 'குருவி'. இலவசம். படங்களைத் தேதி வாரியாக அடுக்கும், பெயர் எழுதி வைத்தால் தேடித் தரும், வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும், வெட்டும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஷீலா சேச்சி குருவியைச் சொன்னார். நான் ஆனையின் பக்கம் எழுந்து நின்றேன். உண்மையாகவே எழுந்து நின்றேன். தொழிலின் தரம், கடையின் பெருமை, கருவியின் ஆற்றல் என்று மூன்று படியாக ஏறினேன். கல்யாண முகங்களுக்கென்று நான் ஆனையில் ஒரு தயார் முறை உண்டாக்கி வைத்திருந்தேன்: ஒரே கட்டளையில் தோல் மென்மையாகும், நிறம் ஒரு படி வெளுக்கும், மச்சமும் தழும்பும் கரைந்துபோகும். நாற்பத்து மூன்று முகங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றேன்.

ஷீலா சேச்சி சின்னத் திரையில் திறந்திருந்த ஆனையின் கட்டளைப் பெட்டியை விரலால் காட்டினார். "முருகேசா, இந்தப் பெட்டி தொறக்குதுல்லே, அதோட அடி காணல பாத்தியா? திரை சின்னது. பெட்டி பெரிசு. அடியில என்ன எழுதியிருக்குன்னு அறியாம எப்படி அமுக்கறது?"

"சேச்சி, நீங்க இருக்கற வீட்டோட அஸ்திவாரத்தப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"பாக்காமத்தானே தெனமும் உள்ள போய்த் தூங்கறீங்க?"

படம் வாங்க வந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சேச்சியும் சிரித்துவிட்டு, "செரி, உன்னோட வாயை ஜெயிக்க முடியாது" என்று எழுந்து போனார். ஆனையே முடிவாயிற்று.

மலையில் நாற்பத்து மூன்று பேரையும் ஒரே பகலில் எடுத்தேன். நல்ல வெளிச்சம் நேராக முகத்தில் விழுமாறு வெள்ளைத் துணி கட்டி எடுத்தேன். படங்களைக் கணினிக்கு மாற்றி, தோட்டத்து அலுவலக வராந்தாவிலேயே என் தயார் முறையை ஏவினேன். ஒரு பெட்டி திறந்தது. அதன் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே இருந்தது. அங்கேதான், மாற்றிய படத்தைத் தனியே வைக்கவா, மூலத்தின் மேலேயே எழுதிவிடவா என்ற கேள்வி இருந்தது. மேலேயே எழுதுவது என்று அது தானாகத் தேர்ந்து வைத்திருந்தது. நான் அதைக் காணவில்லை. என்டர் விசையைத் தட்டினேன். எல்லாரும் சேர்ந்து ஒரு குழுப் படம் கேட்டார்கள். கேமராவின் அட்டையில் இடமில்லை. கணினிக்கு மாற்றியாயிற்றே என்று அட்டையிலிருந்த படங்களையெல்லாம் துடைத்தேன்.

பிரிண்ட்டுகளைச் சுவாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்பத்தாறு காதுகளும் ஒழுங்காக இருந்தன. படங்கள் மலையேறின. அங்கேயும் எல்லாருக்கும் பெருமகிழ்ச்சி என்று சொல்லியனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை முற்பகல், ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. படியை முதலில் காலால் தடவி, பிறகு ஏறினார். அவரைப் படமெடுத்தது எனக்கு நினைவிருந்தது, பெயர் பேச்சியம்மாள். பையிலிருந்து பதினொரு விண்ணப்பங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"அட்டை ஆபீசுல திருப்பிட்டாவ தம்பி."

"ஏன்?"

"மொகம் நல்லாத்தான் இருக்காம். ஆனா நான் இல்லையாம்."

விண்ணப்பத்தில் 'அடையாளக் குறிகள்' என்று இரண்டு வரி இருந்தது. தோட்டத்துப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியது. பேச்சியம்மாளுக்கு: இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு, மோவாயில் மச்சம். படத்தில் புருவத்துக்கு மேலே பளிங்கு போலிருந்தது. மோவாயில் ஒன்றுமில்லை. மற்றப் பத்துப் பேருக்கும் அப்படியே: அம்மைத் தழும்பு, தீக்காயம், உதட்டோரத்து மச்சம். யாருக்கெல்லாம் முகத்தில் குறி எழுதியிருந்ததோ அவர்கள் அத்தனை பேரையும் நான் அழித்திருந்தேன். கை, கால் குறி எழுதியவர்கள் தப்பினார்கள்.

"வெள்ளிக்கிழம நாலு மணிக்குள்ள சரியான படத்தோட குடுக்கணுமாம். திங்கக்கிழம கண்ணு ஆபரேசன். இத விட்டா அடுத்த வருசந்தான்னு சொல்லுதாவ. எனக்கு வலக்கண்ணு புரை விழுந்து மூடிட்டு. இடக்கண்ணு பொகையாத் தெரியுது. கொழுந்து எது முத்தல் எதுன்னு கையால தடவித்தான் பறிக்கேன். சரிவுல கால் எங்க வைக்கேன்னு தெரியல. ஒரு வருசம் தாங்காது தம்பி."

சுவாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "என்ன ஆச்சு?"

வாசகரே, இவ்விடத்தில் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் பேசினேன். தயாரிப்பில்லாமல், தடங்கலில்லாமல் பேசினேன். திரையின் உயரம் குறைவு என்றேன். பெட்டியை வடிவமைத்தவன் இந்த அளவுக் கணினியை எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். குறிகள் விண்ணப்பத்தில் உண்டென்று எவரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்றேன். மச்சம் எடுப்பது இந்தக் கடையின் ஐம்பதாண்டு வழக்கம், நான் அதன் ஊழியன் மட்டுமே என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் அடுத்தது தாங்கி நின்றது.

சுவாமி முழுதும் கேட்டார். பிறகு, "நன்னாப் பேசினாய். இதையே அந்த அம்மாகிட்ட சொல்லு. அவாதானே கேக்க வேண்டியவா" என்றார்.

நான் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினேன். அவர் என் குரல் வந்த திசையில், சற்றுத் தவறிய கோணத்தில், பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுதீய தம்பி? பொட்டி சின்னதுங்கியளா?"

மேடைகளில் எதிரணிக்கு நேர்ந்து நான் கண்டு மகிழ்ந்த அந்த மௌனம் என்னுடையதாயிற்று. "நான் செஞ்ச தப்பும்மா. நானே சரி பண்றேன்" என்றேன். இரண்டு வாக்கியம்.

முதலில் மூலப் படங்களைத் தேடினோம். கணினியில் இல்லை. கேமராவின் அட்டையில் அதற்குப் பிறகு இரண்டு கல்யாணங்கள் எழுதப்பட்டிருந்தன. பேச்சியம்மாளை மட்டும் கடையிலேயே எடுத்து அனுப்பிவிடலாம்; ஆனால் படத்தின் மேல் தோட்டத்து அலுவலகத்தின் கையெழுத்து குறுக்கே விழ வேண்டும். மற்றப் பத்துப் பேரோ மலையில். பிற்பகல் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் என் இடத்துக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன். போனமுறை எழுந்து நின்று தேர்ந்தெடுத்தேன். இம்முறை உட்கார்ந்தேன். ஷீலா சேச்சியிடம், "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன்.

"என்னோட சொல்லு வேண்டா. மிஷின் சொல்லட்டும். ஒரு போட்டோ எடு. என்னோட மொகம் மதி, போதும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் முகத்தை ஒரு படம் எடுத்து, மூன்று பிரதியாக்கி, மூன்று மென்பொருளுக்கும் ஒவ்வொன்று கொடுத்தோம். ஒரு தாளில் மூலத்தின் கோப்பு அளவையும் எடுத்த நேரத்தையும் எழுதிக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி, சேமித்து, மூடிவிட்டுக் கோப்பைப் போய்ப் பார்த்தோம். ஆனை மூலத்தின் மேல் எழுதியது. தனியே வை என்று ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்ல வேண்டும். பெட்டிக்காரன் தனிப் பிரதி வைத்தான். ஆனால் எடுத்த நேரத்தைத் தொலைத்து, சேமித்த நேரத்தை எழுதினான். குருவி மூலத்தைத் தொடவேயில்லை. என்ன மாற்றினோம் என்பதைத் தன்னிடம் குறித்து வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் மாற்றிக் காட்டியது. பிரிண்ட்டுக்கு வேண்டும் என்று கேட்டபோது தனிக் கோப்பாக எடுத்துக் கொடுத்தது. மூலத்தின் அளவில் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

அடுத்து, திறக்கும் பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தோம். கடைசிப் பொத்தான் திரைக்குள் தெரிகிறதா என்பதே கேள்வி. ஆனையில் நான்கு பெட்டிகளின் அடி தெரியவில்லை. எந்தெந்த நான்கு என்று எழுதினேன். எழுதும்போது சேச்சி என்னைப் பார்க்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. குருவியில் எல்லாம் தெரிந்தது. பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் பத்துப் படங்களை வெட்டி, பெயர் எழுதி, பிரிண்ட்டுக்கு எடுத்தோம். ஆனை ஆறாவது படத்தில் மூச்சு வாங்கியது. குருவி பத்தையும் முடித்தபோது பேட்டரியில் கால் பங்குகூடக் குறையவில்லை. கடைசியாக, 'பேச்சியம்மாள்' என்று தமிழில் பெயர் எழுதித் தேடச் சொன்னோம். இரண்டு மென்பொருள்கள் கட்டம் கட்டமாகக் காட்டின. ஒன்று எழுத்தாகவே காட்டியது. எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இந்த நான்கையும் நாங்கள் மடிக்கணினியில்தான் செய்தோம், கடையின் பெரிய கணினியில் செய்யவில்லை. போனமுறை நான் ஆனையின் ஆற்றலைக் கண்டது பதினேழு அங்குலத் திரையில். எந்தக் கருவியில் வேலை நடக்குமோ அந்தக் கருவியில் சோதிக்காத ஒன்றுக்காக வாதாடினேன். அதுதான் என் தவறு.

பஸ்ஸில் பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மலை ஏறத் தொடங்கியதும் அவரே கேட்டார்.

"அந்தத் தழும்பு எப்படி வந்துன்னு தெரியுமா தம்பி?"

"இல்லம்மா."

"கவாத்துக் கத்தி. எனக்கு இருவது வயசு. பக்கத்து நிரைல செடி வெட்டிட்டு நின்னவ திரும்புனா, கத்தி பட்டுட்டு. ரத்தம் நிக்கல. ஏழு மைல் தூக்கிட்டுப் போனாவ." புருவத்தின் மேல் விரலை வைத்தார். "பதிவேட்டுல அத எழுதுனப்ப எனக்குக் கோவமா வந்துச்சு. பேரு இருக்கு, ஊரு இருக்கு, பின்ன இத எதுக்கு எழுதுதீயன்னு கேட்டேன். இப்பப் பாருங்க, பேரும் ஊரும் செல்லல. இதுதான் செல்லுது."

அன்றிரவு லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு வீட்டில் தங்கினேன். வியாழன் காலை மலை முழுவதும் மூடுபனி. மின்சாரம் இல்லை. தோட்டத்து அலுவலகத்தில் இருந்த இன்வெர்ட்டரில் என் சின்ன பிரிண்டரை மட்டும் இணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மடிக்கணினி தன் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

பேச்சியம்மாளை வழக்கம்போல் வெளிச்சத்துக்கு நேரே உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தேன். டச்சிங் ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் தழும்பு தெரியவில்லை. அப்போதுதான் என் கை எதைக் கற்றிருக்கிறது என்று புரிந்தது. நேர் வெளிச்சம் தோலைத் தட்டையாக்கும். அதனாலேயே நாங்கள் நேர் வெளிச்சத்தில் எடுத்தோம். பென்சிலுக்கும் கணினிக்கும் முன்பே விளக்கு பாதி டச்சிங்கைச் செய்துவிடும். வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இடது புருவம் வெளிச்சத்தின் ஓரத்தில் வருமாறு திருப்பினேன். கால் அடி முன்னே, இன்னும் ஒரு விரற்கடை. அத்தனை ஆண்டில் முதன்முறையாக ஒரு தழும்பைத் தேடி வெளிச்சத்தை நகர்த்தினேன். புருவத்தின் மேல் ஒரு மெல்லிய நிழல் விழுந்தது. அதன் ஓரத்தில் தழும்பு வரப்பு போல எழுந்தது. மோவாயில் மச்சம் தானாகவே வந்தது.

மற்றப் பத்துப் பேரையும் அவ்வாறே, விண்ணப்பத்தை மடியில் வைத்து, குறியைப் படித்து, அதற்கேற்ப நாற்காலியைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஒரு முகத்துக்கு இருபது நிமிடமானது. தீக்காயம் கொண்டவருக்கு நாற்பது நிமிடம். மூடுபனி ஏறி இறங்கியபோதெல்லாம் காத்திருந்தேன். குருவியில் பெயர் எழுதி, வெட்டி, பிரிண்ட்டுக்கு எடுத்தேன். மூலம் பதினொன்றையும் உடனே ஒரு பென் டிரைவுக்கும் மாற்றினேன். அட்டையைத் துடைக்கவில்லை.

பிரிண்ட்டுகள் கையில் வந்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. பேச்சியம்மாள் தம் படத்தை இடக்கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது நாந்தான்" என்றார். "ஆனா தம்பி, அந்தப் பழைய படம் இருக்குல்லா, வெள்ளையா, வழுவழுன்னு? அதுல ஒண்ணு பெருசா வேணும். செவத்துல மாட்ட."

"அதுல நீங்க இல்லைன்னு சொன்னாங்களேம்மா."

"அவுஹ சொல்லட்டும். அட்டைக்கு இது. வீட்டுக்கு அது. என் வீட்டுச் செவத்துல என்ன மாட்டணும்னு ஆபீசா சொல்லும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உடனே ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அம்மைத் தழும்புக்காரர் தமக்கு இரண்டு படத்திலும் தழும்பு கிடக்கட்டும் என்றார். அது இல்லாவிட்டால் தம் அண்ணன் போலிருக்கிறதாம், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லையாம். உதட்டோரத்து மச்சத்துக்காரி, நிறத்தை வெளுக்க வேண்டாம், மச்சத்தை மட்டும் எடு என்றார். தீக்காயம் கொண்டவரிடம் நானே போய்க் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நான் இரண்டு நாளாக ஒரு தீர்மானத்தை மனத்தில் செதுக்கி வைத்திருந்தேன்: இனி எந்த முகத்திலும் எதையும் அழிக்க மாட்டேன் என்று. உரக்கச் சொல்லத் தகுந்த வாக்கியம். அந்த வராந்தாவில் அது உடைந்தது. அழித்ததைப் போலவே, அழிக்க மாட்டேன் என்று தீர்மானித்ததும் நானாகவே செய்துகொண்டது. யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நகரத்து அலுவலகத்தில் பதினொரு விண்ணப்பங்களும் மேசையில் இருந்தன. பேச்சியம்மாள் என்னோடு வந்திருந்தார். எழுத்தர் ஒவ்வொரு படத்தையும் தூக்கி, குறியைப் படித்து, படத்தைப் பார்த்தார். அவர் அவசரப்படவில்லை; நானும் அவரை அவசரப்படுத்தவில்லை. தம் வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவர் இருந்ததால்தான் என் பிழை வெளிப்பட்டது. பேச்சியம்மாளின் படத்துக்கு வந்தபோது எழுத்தர் தலையைத் தூக்கி அம்மாளையே பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். "ஆ, இது செரி" என்றார். முத்திரை விழுந்தது. பதினோராவது முத்திரை விழுந்தபோது நான்கடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் சுவாமியும் ஷீலா சேச்சியும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். பேச்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கட்டில்களில் மலையிலிருந்து வந்த இன்னும் சிலர். வலக்கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா? கொரல வச்சு இன்னும் ஒசரமா இருப்பன்னுல்லா நெனச்சேன்."

ஷீலா சேச்சி வாய்விட்டுச் சிரித்தார். சுவாமி, "இவன் பெரிய பேச்சாளன், தெரியுமோ? கோப்பையெல்லாம் வாங்கியிருக்கான்" என்றார்.

"அப்படியா? பின்ன இங்க ஒண்ணு பேசட்டுமே. கேக்க இத்தன பேரு கெடக்கோம்."

நான் எழுந்து நின்றேன். கட்டில்களில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். முன்னுரை ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவரும் கேட்கும்படி, மேடைக் குரலில் அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "என் கையில் வரும் எந்த முகத்தின் மூலத்தையும் தொடாமல் பத்திரமாக வைப்பேன், அந்த முகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த முகத்துக்கு உரியவரைக் கேட்பேன், கேட்டு, அவர் சொல்லி முடித்த பிறகே கை வைப்பேன்."